நித்தம் நாலு கிலோமீட்டர்: எந்தச் சைக்கிளை வாங்குவது?

காலையில் ரயில் நிலையம் வரை இரண்டு கிலோமீட்டர், மாலையில் திரும்ப இரண்டு. நடுவில் ஒரு நாள் ரேஷன் கடை, ஒரு நாள் மாவு மில், ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தை. இந்த அத்தியாயம் இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு. ஒரு நடைக்கு 5 கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் சமதளச் சாலை, கூடவே ஏதாவது ஒரு பை, உடம்பில் வேலைக்கு உடுத்திய உடுப்பு. இதற்கு எந்த வண்டி தோது, எவ்வளவு செலவழிக்கலாம், கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பஞ்சர் கடை, பிறகு சைக்கிள் கடை

எல்லோரும் ஷோரூமில் தொடங்குகிறார்கள். நீங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் தொடங்குங்கள். பத்து நிமிடம் அங்கே நின்றால் போதும். எந்த வண்டிகள் ரிப்பேருக்கு வந்து நிற்கின்றன, ஆணியில் எந்த அளவு டயர் தொங்குகிறது, டப்பாக்களில் எந்தச் சாமான் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: “அண்ணே, எந்த வண்டி எடுத்தா எல்லா சாமானும் உங்ககிட்டயே கிடைக்கும்?” அவர் சொல்லும் பதிலுக்கு எந்த விளம்பரத்தையும்விட மதிப்பு அதிகம். தினமும் ஓடும் சைக்கிளில் ஏதாவது ஒன்று தேயும், அறும், தளரும். அதை அன்றைக்கே சரிசெய்ய முடிந்தால்தான் அது தினசரி வண்டி.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மலிவாகக் கிடைக்கிறது என்று, முன்னும் பின்னும் ஷாக் வைத்த ஒரு கியர் வண்டி வாங்கினேன். ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் ரயில் நிலைய ஸ்டாண்டில் பக்கத்து வண்டி அதன்மேல் சாய்ந்து, பின்சக்கரத்தின் கியர் தொங்கும் சிறு தகடு உள்பக்கமாக வளைந்துவிட்டது. அது தெரியாமல் ஏறி மிதித்தேன். அந்தக் கியர், சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்குள் நுழைந்து ஏழு கம்பிகள் அறுந்தன. என் தெருக் கடையில் அந்தத் தகடு இல்லை, வாங்கிய கடையிலும் இல்லை. மூன்று வாரம் ஷேர் ஆட்டோவில் போனேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதா?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறது. பிள்ளை பதினோராம் வகுப்பில் அரசுப் பள்ளியில் வாங்கிய விலையில்லா மிதிவண்டி அது. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அது துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். புதுசு வாங்கப் பணம் எடுப்பதற்கு முன் அதை வெளியே இழுத்துத் துடைத்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனாலும் இதே சோதனைதான்.

1. பிரேம். ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடத்தையும், பெடல் அச்சு இருக்கும் இடத்தையும் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலோ, பெயின்ட் சுருங்கி மடிந்த கோடோ இருந்தால் அந்த வண்டி எங்கோ மோதியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

2. முன் போர்க். பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். போர்க்கின் மேல்பாதி, ஹேண்டில் குழாய் போகும் அதே கோட்டில் இறங்க வேண்டும், கீழ்நுனி கொஞ்சம் முன்னால் வளைந்திருக்க வேண்டும். மேல்பாதியே பின்னால் போயிருந்தால் அதுவும் மோதிய வண்டிதான்.

3. சக்கரம். தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். லேசாக ஆடினால் கோட்டம் எடுத்துவிடலாம். ரிம் துருவேறிப் பொரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

4. ஆட்டம். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் உள்ளே பால்ரஸ் தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. இரண்டும் சின்னச் செலவுதான்.

5. செயின். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, அங்கிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புது செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் விழும். அரைக்கால் அங்குலம் தாண்டிவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

6. டயர். பக்கச்சுவரில் வெடிப்பு விட்டிருந்தால், மேலே பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

பிரேமும் போர்க்கும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை. கடையில் ‘ஓவராயில்’ என்று சொன்னால் போதும்: எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டித் தருவார்கள். இரண்டு டயர், இரண்டு ட்யூப், பிரேக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்தாலும் புது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். நல்ல பிரேமுள்ள பழைய வண்டி வீட்டில் இருக்கும்போது புதுசு வாங்காதீர்கள்.

எச்சரிக்கை: வெளியாரிடம் பழசு வாங்கினால் பில் கேளுங்கள். பெடல் அச்சுக்குக் கீழேயோ சீட்டுக் குழாயிலோ அடித்திருக்கும் பிரேம் நம்பரைப் பாருங்கள். அரத்தால் ராவிய தடம் இருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம்.

புதிதாக வாங்குவதென்றால்

கடையில் வரிசையாக நிற்பவற்றை நம் தேவைக்கு ஏற்ப மூன்று, நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

பழைய கறுப்பு வண்டி. பால்காரர், தபால்காரர் ஓட்டிய அதே வண்டி. 28 அங்குலச் சக்கரம், கேரியர், மட்கார்டு, செயின் கவர், இரட்டைக் கால் ஸ்டாண்டு எல்லாம் கூடவே வரும். ஹெர்குலிஸ், ஹீரோ, ஏவான் எதை எடுத்தாலும் இந்த ரகத்தில் ஒன்றின் சாமான் பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேரும். கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். அரிசி மூட்டையை அசராமல் தாங்கும். குறை இரண்டு. எடை 20 கிலோவை ஒட்டி இருக்கும், அதனால் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டிய வீடுகளுக்கு ஆகாது. இரண்டாவது குறை பிரேக். கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் நனைந்தால் பிடிப்பு பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும்.

பார் தாழ்ந்த வண்டி. கடையில் ‘லேடீஸ்’ என்பார்கள். அந்தப் பெயருக்காக ஆண்கள் ஒதுக்க வேண்டியதில்லை. வேட்டி கட்டியவர், அறுபது தாண்டியவர், கேரியரில் சுமை வைத்த பிறகு காலைப் பின்னால் வீசி ஏற முடியாதவர் எல்லோருக்கும் இதுதான் சுலபம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையைப் பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். வண்டியை ஆள் தேவைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அவர்கள் அன்றைக்கே செய்து காட்டினார்கள். கூடை, கேரியர், மட்கார்டு, அலுமினிய ரிம், கேபிள் பிரேக், கியர் இல்லாத பின்சக்கரம்: இவ்வளவும் சேர்ந்த பார் தாழ்ந்த வண்டி ஒன்று கிடைத்தால், 5 கிலோமீட்டருக்குள் ஓட்டும் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் என் முதல் சிபாரிசு.

ஷாக் வைத்த தடித்த டயர் வண்டி. இளைஞர்கள் முதலில் போய் நிற்பது இதன் முன்னால்தான். 10,000 ரூபாய்க்குள் விற்கும் வண்டியில் இரண்டு ஷாக், 21 கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் இருந்தால், ஒவ்வொன்றையும் மிக மலிவாகச் செய்துதான் அந்த விலைக்குக் கொடுக்க முடியும். ஷாக் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை விழுங்கும். பின் ஷாக் இருந்தால் கேரியர் மாட்ட இடமே இருக்காது. மட்கார்டு இல்லாததால் மழைக்காலத்தில் சட்டை முதுகில் சேறு கோடு போடும். வேண்டாம்.

மெல்லிய டயர், நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட். லேசானது, நன்றாக ஓடும். விலை பெரும்பாலும் 12,000-க்கு மேல். தினமும் ஒரு நடைக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் பார்க்கலாம். கேரியருக்கும் மட்கார்டுக்கும் துளை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கியர் தேவையா? சென்னை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற சமதள ஊர்களில் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் தேவை. அங்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஏழு என்றால் போதும். வழியில் ஒரே ஒரு மேம்பாலம்தான் தடை என்றால் வேறு வழி இருக்கிறது. பின்சக்கரத்து 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 பல் போடச் சொல்லுங்கள். மிதி பத்தில் ஒரு பங்கு லேசாகும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம். செலவு சில நூறு ரூபாய்.

முழங்கால் வலி உள்ளவர்கள் மின்சார சைக்கிளை யோசிக்கலாம். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. ஆனால் அது இந்த அத்தியாயத்தின் பட்ஜெட்டில் அடங்காது.

அளவில் ஏமாறாதீர்கள்

“22 இன்ச்சா, 24 இன்ச்சா?” என்று கடைக்காரர் கேட்பார். பழைய கறுப்பு வண்டியில் அது பிரேமின் உயரம். சிறுவர் வண்டியில் அதே எண் சக்கரத்தின் அளவு. எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணைவிட உடம்பை நம்புவது நல்லது.

1. பாரின் இருபக்கமும் காலை ஊன்றி நில்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட்டு, பாருக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

2. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடியும். அதுதான் சரியான உயரம்.

3. சீட்டுக் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அதற்கு மேல் கம்பி வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் உங்களுக்குப் பெரிய பிரேம் வேண்டும்.

நம் ஊரில் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு சீட்டை அடியோடு இறக்கி வைப்பதுதான். நிறுத்தும்போது இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற பயம் காரணம். அப்படி ஓட்டினால் முழங்கால் மார்பை நோக்கி ஏறி இறங்கும், ஒரே மாதத்தில் மூட்டு வலிக்கும். பழியைச் சைக்கிள்மேல் போட்டுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறிவிடுகிறார்கள். வாரம் ஒரு விரற்கடை வீதம் உயர்த்திப் பழகுங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் பயம் போய்விடும்.

டயரில் ஒரு குறிப்பு

‘26 இன்ச்’ என்று எழுதியிருக்கும் எல்லா டயரும் ஒன்றல்ல. 26 × 1⅜ டயர் 26 × 1.75 ரிம்மில் உட்காராது. முன்னது பெரிய வளையம். பல டயர்களின் பக்கச்சுவரில் 37-590, 47-559 என்ற மாதிரி இரண்டாவது எண் தொகுதி ஒன்று இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் வேறு ஊரில் வாங்கினாலும் தவறாது. காற்றடிக்கும் வாயையும் பாருங்கள். வால்டியூப் போடும் பழைய வாய்க்குக் கைப்பம்பு வேண்டும். பைக் மாதிரி வாய் என்றால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம், ஆனால் அங்கே காற்று வேகமாக ஏறும், டயரில் அச்சிட்ட அளவைச் சொல்லி, விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போது

1. தினமும் எடுத்துப் போகும் பையை, சாப்பாட்டு டப்பாவோடு, கையோடு கொண்டுபோங்கள். கேரியரில் வைத்துப் பாருங்கள்.

2. வேலைக்குப் போகும் உடுப்பிலும் செருப்பிலும் போங்கள். புடவை, துப்பட்டா என்றால் பின்சக்கரத்தை மூடும் வலையோ தகடோ மாட்டித் தரச் சொல்லுங்கள்.

3. எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டு வண்டிகளில் பொதுவாக வலது கை முன்சக்கரம். மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஓட்டும் வண்டி என்றால் இது முக்கியம்.

4. ஒரு கிலோமீட்டராவது ஓட்டுங்கள். வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். பின்னால் ஒருவரை நிற்கவைத்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

5. இரட்டைக் கால் ஸ்டாண்டு கேளுங்கள். ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டிகளை நெருக்கி அடைப்பார்கள். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி சரிந்தால் வரிசையே சரியும். அகலமான ஹேண்டில் பக்கத்து வண்டியின் பிரேக் கேபிளில் மாட்டிக்கொள்ளும். தோள் அகலம் இருந்தால் போதும்.

6. பில் வாங்குங்கள். அதில் பிரேம் நம்பர் எழுதச் சொல்லி, இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

அட்டைப் பெட்டியில் வரும் வண்டி. இணையத்தில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்துக் கடையில் பூட்டச் சொல்லுங்கள். வீட்டில் பூட்டுகிறவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, போர்க்கைப் பின்பக்கம் பார்த்து மாட்டிவிடுவது. அந்த வண்டி வளைவில் தடுமாறும். இரண்டு, இடது பெடலை வழக்கமான திசையில் முறுக்குவது. இடது பெடலின் மரை தலைகீழ். பலத்தை உபயோகித்தால் மரை அழிந்து கிராங்க்கே போய்விடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் 8,000 ரூபாய் இருந்தால் 6,500-க்குள் வண்டியைப் பாருங்கள். மீதி 1,500 பூட்டு, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மணி, கைப்பம்பு, கேரியருக்கு ரப்பர் கயிறு ஆகியவற்றுக்கு. பின்சக்கரத்தோடு வரும் சின்னப் பூட்டு மட்டும் போதாது, வண்டியைத் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள். பிரேமையும் ஒரு கம்பத்தையும் சேர்த்துப் பூட்டும் நீளத்துக்குச் செயின் பூட்டு வாங்குங்கள். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், இந்தப் பங்கீடு மாறாது. ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

சுமையும் குழந்தையும்

ஹேண்டிலில் பை தொங்கவிடுவது மிக ஆபத்தான பழக்கம். திருப்பத்தில் பை ஊசலாடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் போனால் சக்கரம் அங்கேயே நிற்கும், ஆள் தலைகுப்புற விழுவார். எல்லாச் சுமையும் கேரியருக்கு அல்லது போர்க்கில் தாங்கி வைத்த கூடைக்கு.

கேரியரில் குழந்தையை அப்படியே உட்கார வைக்காதீர்கள். கால் கம்பிக்குள் மாட்டிக் குதிகால் கிழிந்து வரும் குழந்தைகளை எலும்பு முறிவு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். முதுகு சாயும் சீட்டு, கால் வைக்கும் படி, சக்கரத்தை மூடும் தகடு மூன்றும் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

மழையில் ரிம் நனைந்திருக்கும்போது முதல் பிடியில் வண்டி நிற்காது. ரிம்மில் உள்ள தண்ணீரைக் கட்டை துடைத்து எடுத்த பிறகே பிடிப்பு வரும். சிக்னலுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து விட்டுப் பிடித்து வாருங்கள்.

முதல் மாதம்

புதுச் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளும் பிரேக் கேபிளும் முதல் நூறு கிலோமீட்டரில் தளரும். நித்தம் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். முப்பதாம் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, அன்று வண்டியை அதே தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பிகளை இழுத்துக் கட்டி, எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கித் தருவார். கால் மணி நேர வேலை. அதைச் செய்யாத சக்கரம் அடுத்த சில மாதங்களில் கோட்டம் விழும்.